குடத்தில் எங்கள் ஓலையும் விழட்டும்

கலை நல்கைகளையும் பொதுச் சுவர்களையும் முடிவு செய்யும் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். கலைஞர்களுக்கு நல்கை என்னும் நிதியுதவி வழங்கும் அறக்கட்டளைகள், கலைஞர்களைத் தங்கவைத்துப் படைக்கச் செய்யும் ரெசிடென்சிகளை நடத்தும் அமைப்புகள், சுவர் ஓவியங்களுக்கு ஒப்பந்தம் கோரும் உள்ளாட்சிகள், சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கலைக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அறிவிப்புகளில் இப்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: ‘விளிம்புநிலைக் கலைஞர்களின் விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன.’ அந்த வரியை நீங்கள் மனதார எழுதுகிறீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அதற்குக் கீழே வரும் நிபந்தனைகள் அந்த வரவேற்பை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

நான் போர்டு எழுதும் குடும்பத்தில் பிறந்தவன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். இப்போது சுவர் ஓவியங்கள் செய்கிறேன். மாலை வேளைகளில் சக கலைஞர்களுக்கு உங்கள் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். அதனால் உங்கள் அறிவிப்புகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு.

எங்கள் தொழிலை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? என்னோடு வேலை செய்யும் மூத்த ஓவியர் ஒருவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. உள்ளங்கை அளவுப் புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார். பிறகு நூலை நீலப்பொடியில் புரட்டி, ஒரு முனையை உதவியாளர் சுவரில் அழுத்திப் பிடிக்க, மறுமுனையைத் தாம் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுவார். சுவரில் பிசிறில்லாமல் ஒரு கோடு விழும். இப்படியே முப்பது அடிச் சுவர் முழுவதும் கட்டங்களாகிவிடும். அதன் பிறகு சாரத்தில் ஏறி ஒரு கட்டத்துக்குள் மூக்கின் ஓரத்தை மட்டும் தீட்டுவார். அவர் பக்கத்தில் நிற்பவருக்கு அது வெறும் பழுப்புத் திட்டு. சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால் முகம் பிசகாமல் வந்திருக்கும். சாரத்தில் நிற்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிற கண் அவருக்கு இருக்கிறது. அது பல ஆண்டு உழைப்பில் வந்த கண்.

இவரிடம் உங்கள் படிவம் முதலில் கேட்பது, கடந்த ஐந்து ஆண்டுகளில் செய்த பத்துப் படைப்புகளின் உயர்தரப் புகைப்படங்கள். அவர் எங்கே போவார்? அவர் எழுதிய கட்சி விளம்பரங்கள் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட மறுநாளே சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டன. அவர் வரைந்த கடைப் பலகைகள், ஃபிளெக்ஸ் வந்த பிறகு ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. திரையரங்குகளின் முன் நின்ற கட்அவுட்டுகள் படம் மாறியதும் பிரிக்கப்பட்டன. அழிவதற்காகவே செய்யப்பட்ட வேலையில் வாழ்நாளைக் கழித்தவரிடம் ஆவணம் கேட்பது நியாயமா? அவருக்கு ஒரு சுவரையும் இரண்டு நாள் கூலியையும் கொடுத்து, நேரில் வந்து பாருங்கள். தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, மொழி. தமிழ்நாட்டின் சுவரில் தமிழ் மக்கள் பார்க்கப்போகிற ஓவியத்துக்கான கருத்துக் குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கேட்கும் அறிவிப்புகள் இன்றும் வருகின்றன. இதற்கு நடைமுறைக் காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பெங்களூரில் இருந்து கலைகளுக்கு நல்கை வழங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அமைப்பு எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பம் எழுதலாம் என்கிறது. அண்டை மாநிலத்தில் இருப்பவர்களால் தமிழ் விண்ணப்பத்தைப் படிக்க வழி செய்ய முடிகிறபோது, சென்னையில் அமர்ந்திருக்கும் குழுவால் முடியாதா? இன்னும் ஒரு படி மேலே போகலாம். நீலகிரியில் குறும்பர் ஓவியர்கள் மரப்பிசினிலும் இலைச்சாற்றிலும் மண்ணிலும் வண்ணம் எடுக்கிறார்கள். தோல்பாவைக் கூத்துக் கலைஞர் ஒருவர் தம் பாவையைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினால் ஒரு மணி நேரம் பேசுவார். அவர்களை ஐந்நூறு சொல்லில் எழுதச் சொல்லாதீர்கள். கைபேசியில் பதிவு செய்த பேச்சை விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆனாலும் ஆகட்டும்.

பணம் சம்பந்தப்பட்ட நிபந்தனைகளைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கவும். சேவைத் தொழில் செய்பவர் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவு செலவு பார்த்தால் ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. எங்களில் அந்தத் தொகையைக் கனவில்கூடப் பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் படிவத்தில் ஜிஎஸ்டி எண் கட்டாயம். எண்ணை நிரப்பாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கே விடாது. சுவர் ஓவிய ஒப்பந்தங்களுக்கு விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை வேறு. விளைவு உங்களுக்கும் தெரியும். பெயின்ட் அடிக்கும் ஒப்பந்ததாரர் ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று வேலையை எடுக்கிறார். வரைபவர் அவரிடம் நாள் கூலிக்குப் போகிறார். ஓவியம் திறக்கப்படும் நாளில் பலகையில் நிதி கொடுத்தவர் பெயர் இருக்கிறது, பெயின்ட் கம்பெனி பெயர் இருக்கிறது. வரைந்தவர் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இதில் நான் யாரையும் குற்றவாளியாக்க வரவில்லை. 2009-10 வாக்கில் சென்னை மாநகராட்சி, அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளை அகற்றிவிட்டு ஓவியங்களை வரையச் செய்தது. ஃபிளெக்ஸால் வேலை இழந்த பேனர் ஓவியர்களுக்கு அந்தச் சுவர்கள் சில காலம் சோறு போட்டன. அது நல்ல முடிவு. அந்தப் பழக்கம் ஒரு நிலையான திட்டமாக, ஓவியரோடு நேரடியாகக் கையெழுத்திடும் திட்டமாக வளர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

தேர்வு முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அயர்லாந்து அரசு 2022இல் கலைஞர்களுக்கு அடிப்படை வருமானம் தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. வாரம் 325 யூரோ, மூன்று ஆண்டுகளுக்கு, 2,000 பேருக்கு. விண்ணப்பித்தவர்கள் 9,000க்கும் மேல். தகுதி இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு, மீதியைக் குலுக்கலுக்கு விட்டார்கள். யாருடைய குறிப்பு அழகாக எழுதப்பட்டிருக்கிறது, யாருக்கு யாரைத் தெரியும் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

நமக்கு இது புதிதா? உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளியில் படிக்காத தமிழர் உண்டா? முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை அவை. ஊர் நிர்வாகத்தைக் கவனிக்கும் வாரியங்களுக்கு ஆள் தேர, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வரக் கூடாது என்று விதி செய்தார்கள். ஒரே பெயர்கள் நல்கைப் பட்டியல்களில் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்கும்போது, அந்த மூன்றாண்டு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது.

அதே கல்வெட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேடையில் பெருமை பேசுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். குலுக்கல் நேர்மையாகத்தான் நடந்தது. ஆனால் அந்தக் குடத்தில் பறை அடித்தவரின் ஓலை இல்லை, மண்பானை வனைந்தவரின் ஓலை இல்லை, எந்தப் பெண்ணின் ஓலையும் இல்லை. குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம் என்று முடிவு செய்தபோதே தேர்தல் முடிந்துவிட்டது. உங்கள் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை ‘தகுதிகள்’ என்ற தலைப்பிலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். சிறிய நல்கைகளில் ஒரு பங்கையாவது குலுக்கலுக்கு விடுங்கள் என்று கேட்கிறேன். அதற்கு முன் குடத்தின் வாயை அகலமாக்குங்கள்.

ரெசிடென்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மாதம் வேறு ஊரில் தங்கி, வேலை நெருக்கடி இல்லாமல் படைப்பில் மூழ்கலாம் என்பது எவ்வளவு பெரிய பேறு! தங்குமிடமும் சாப்பாடும் தருகிறீர்கள், நன்றி. வீட்டில் அடுப்பு எரிய என்ன செய்வது? நாள் வருமானத்தில் வாழும் கலைஞருக்கு அந்த இரண்டு மாதமும் வீட்டுக்கு அனுப்ப ஒரு தொகை வேண்டும். கைக்குழந்தை உள்ள பெண் ஓவியருக்குக் குழந்தையோடும், பார்த்துக்கொள்ள ஒருவரோடும் வந்து தங்க இடம் வேண்டும். மத்திய கலாசார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெலோஷிப்பில் மாதம் 10,000 ரூபாய் என்ற கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். அது கைக்கு வருவதோ ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக. மாத வாடகை ஆறு மாதம் காத்திருக்காது. இடையில் கடன் வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

சென்னையின் கண்ணகி நகருக்கு வருகிறேன். நகரத்தின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் குடியமர்த்திய இடம் அது. 2020இல் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் எழுந்தன. இந்தியாவின் பிற நகரங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஓவியர்கள் வந்து வரைந்தார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். சில சுவர்களின் முன்னால் வாயடைத்து நின்றிருக்கிறேன். அந்த ஓவியங்களால் அந்த ஊரின் பெயரை வேறு விதமாகச் சொல்ல முடிந்தது என்று அங்கே வாழ்பவர்கள் சொன்னால், அதை மறுக்க நான் யார்? இனி இப்படி ஒரு திட்டம் தீட்டும்போது, சுவர்களில் ஒரு பங்கு அந்தக் குடியிருப்பில் வாழும் கைகளுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பயிற்சி முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போவதோடு நிறுத்திவிடாமல், கூலியோடு வேலை கொடுங்கள்.

அப்படிச் செய்த இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம், புதுக் கட்டடங்களின் செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கும் விதியை 1959லேயே கொண்டுவந்தது. 1984இல் அதே நகரம், சுவரில் கிறுக்கிப் பிடிபட்ட இளைஞர்களின் கையில் தூரிகையைக் கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் அந்நகரின் பெயர்பெற்ற சுவர் ஓவியத் திட்டம். நமக்குப் பக்கத்திலேயே, 2016இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட அரவாணி ஆர்ட் புராஜெக்டில் திருநங்கையர் மற்ற பெண்களோடு சேர்ந்து சுவர்களில் வரைந்தார்கள். 2024இல் அவர்களுடைய ஓவியம் இத்தாலியில் நடக்கும் உலகக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பினாலேயில் இருந்தது. அவர்களிடம் முதலில் யாராவது பத்துப் புகைப்படங்களைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

வேலை ஒப்படைத்த பிறகு நடப்பதையும் கவனியுங்கள். பெயின்ட், பிரைமர், சாரத்தின் வாடகை, உதவியாளர் கூலி என்று எல்லாமே முதல் நாளே வேண்டியவை. முன்பணம் பாதியாவது இல்லாமல் ஆணை வழங்காதீர்கள். மாற்றுத்திறனாளி ஓவியர் விண்ணப்பித்தால் சாரம் தேவைப்படாத தாழ்வான சுவரை அவருக்கென்று ஒதுக்குங்கள். பெண்கள் வேலை செய்யும் தளத்தில் கழிப்பறை எங்கே என்பதை ஆணையிலேயே குறிப்பிடுங்கள். சாலையோரச் சுவரில் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்களை எனக்குத் தெரியும். வரைந்தவர் பெயரும் உதவியவர்கள் பெயரும் சுவரின் கீழ் மூலையில் தமிழில் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த அறிவிப்பை வெளியிடுவதற்கு முன் படிவத்தின் வரைவை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்களுக்கு வாருங்கள். போர்டு எழுதுபவர், கூத்துக்குப் பாவை செய்பவர், திருவிழாவுக்கு மண்குதிரை செய்பவர் என்று பத்துப் பேரை உட்காரவைத்து அதை நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரமாக இருக்கும், எங்களுக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களில் வந்தால் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சுவர் ஓவியர்