இ-ரீடர் பரிசு: கருவிக்கு முன் கோப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வரும் நாட்களில் ‘பிள்ளைக்கு என்ன வாங்கித் தரலாம்’ என்ற பட்டியல்கள் நாளிதழ்களில் வரிசைகட்டி வருகின்றன. கைப்பேசி வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு அவற்றில், மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவியான இ-ரீடர் பரிந்துரைக்கப்படுகிறது. நல்ல பரிந்துரைதான். ஆனால் திரை எத்தனை அங்குலம், எத்தனை ஜி.பி., என்ன விலை என்பதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை படிக்க விரும்புவது எந்த மொழியில் இருக்கிறது, எந்த வகைக் கோப்பாகக் கிடைக்கிறது என்று எந்தப் பட்டியலும் கேட்பதில்லை. நம் வீடுகளில் இ-ரீடர் சீக்கிரமே அலமாரிக்குள் போய்விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதலில் பாடப்புத்தகம். ‘கதையும் படிக்கலாம், பாடமும் படிக்கலாம்’ என்று நம்பி வாங்குகிறவர்கள் பலர். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். ஆறு அங்குலத் திரை என்பது குறுக்களவு; அதன் நீள அகலம் சுமார் 12 செ.மீ.க்கு 9 செ.மீ.தான். ஏ4 தாளோ 29.7-க்கு 21 செ.மீ. அந்தப் பக்கம் முழுதாகத் திரைக்குள் அடங்க, ஏறக்குறைய 41 சதவீதமாகச் சுருங்க வேண்டும். 10 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட் ஆகிவிடும். ஏழு அங்குலத் திரையில் 5 பாயின்ட்டுக்குச் சற்றுக் குறைவு. பாடநூல் ஏ4-ஐ விடக் கொஞ்சம் சிறியது என்றாலும் நிலைமை பெரிதாக மாறாது. பெரிதாக்கிப் படிக்கலாமே என்றால், இங்கே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரை மீண்டும் வரைய வேண்டும். கைப்பேசியில் விரலோடு சேர்ந்து பக்கம் வழுக்குவது போல வழுக்காது. பெரும்பாலான இ-ரீடர்களில் கறுப்பு வெள்ளைத் திரைதான் என்பதால், உயிரியல் படத்தில் சிவப்புத் தமனியும் நீலச் சிரையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். பாடத்துக்கு அச்சுப் புத்தகம், அல்லது பத்து அங்குல டேப்லெட். இ-ரீடர் கதை, கட்டுரை, வரலாறு என்று வரிவரியாக ஓடும் எழுத்துக்கு உரியது.

வண்ண இ-ரீடர் இருக்கிறதே என்பார்கள். இப்போது பரவலாக விற்கும் கெலிடோ 3 வகைத் திரைகளில் கறுப்பு வெள்ளைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150 புள்ளி. எழுத்துக்கு மேல் ஒரு வண்ண வடிகட்டி இருப்பதால் திரை சற்று இருண்டும் தெரியும். பகலிலும் விளக்கைப் போட வேண்டி வரும். காமிக்ஸ் பைத்தியமான பிள்ளை என்றால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அந்தப் பணம் வீண்.

அடுத்தது தமிழ்க் கோப்பு. இதைப் பரிசு வாங்குவதற்கு முன்பே, கையிலுள்ள கைப்பேசியில் சோதித்துவிடலாம். பிள்ளை படிக்கப்போகும் பி.டி.எஃப். ஒன்றைத் திறந்து, ஒரு வரியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, உங்களுக்கே அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது புத்தகத்தை ஸ்கேன் செய்த வெறும் படம். ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டினால் அது பாமினி, டாப், டாம் போன்ற பழைய எழுத்துரு முறையில் அச்சுக்கோத்தது. ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று வந்தால், எழுத்து இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடுதான், ஆனால் பி.டி.எஃப். ஆக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பும் காலும் சேமிக்கப்பட்டுவிட்டன. இந்த மூன்று வகையையும் இ-ரீடருக்கேற்ற வடிவத்துக்கு மாற்றினால் குப்பையாகத்தான் வரும். ஸ்கேன் செய்த பக்கங்களை வெட்டி ஒட்டிச் சிறிய திரைக்கு அடுக்கித் தரும் கே2பிடிஎஃப்ஆப்ட் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. பொறுமை உள்ளவர்கள் முயலலாம். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

வேண்டியது இபப் என்ற வடிவம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்துகொள்வது இதில்தான். ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளம் இபப் கோப்போடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப்.பும் தருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் உள்ள நூல்களை இபப் ஆகப் பதிவிறக்கலாம். மதுரைத் திட்டம் 1998 முதல் இலக்கியங்களை இலவசமாகத் தந்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஈழத்து நூல்களைத் தொகுக்கும் ‘நூலகம்’ தளமும் பெரும் புதையல்கள். ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் பக்கங்கள், கணினியில் படிக்க ஏற்றவை. அமேசானின் இ-ரீடரான கிண்டிலுக்குரிய கடையில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்கள் விற்பனைக்கு இருக்கின்றன. அங்கே வாங்குவதற்கு முன் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கி எழுத்துப்பிழை, பத்திப் பிரிப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. அவசரமாக மாற்றி ஏற்றிய நூல்களும் அங்கே உண்டு.

இபப் கிடைத்தும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கேபிள் வழியாகக் கிண்டிலுக்குள் இபப் கோப்பைப் போட்டால் அது நூல் வரிசையில் தெரியவே தெரியாது. ‘கருவி கெட்டுவிட்டது’ என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. கிண்டிலுக்கு இபப்பை ‘சென்ட் டு கிண்டில்’ என்ற அமேசான் சேவை வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இணையப் பக்கத்தில் 200 எம்.பி. வரையும், மின்னஞ்சலில் 50 எம்.பி. வரையும் அனுப்பலாம். மின்னஞ்சலில் அனுப்புகிறவரின் முகவரி, கணக்கின் அமைப்புகளில் அனுமதிக்கப்பட்ட முகவரிகள் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எத்தனை முறை அனுப்பினாலும் நூல் வந்து சேராது. பழைய மோபி வடிவத்தை இந்த வழியில் இப்போது ஏற்பதில்லை. பழைய தளங்களிலிருந்து இறக்குகிறவர்கள் கவனிக்கவும். கோபோ என்ற வேறு நிறுவன இ-ரீடரில் இந்தச் சிக்கல் இல்லை, கேபிளில் போட்டாலே இபப் திறக்கும். ஆனால் நம் ஊருக்குக் கோபோ பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் பெட்டியில்தான் வருகிறது. பழுதானால் உத்தரவாதத்துக்கு அந்த நாட்டுக்கே அனுப்ப வேண்டி வரலாம். கனடாவிலோ சிங்கப்பூரிலோ வளரும் பிள்ளைக்கு வாங்குகிறவர்களுக்குக் கதை வேறு: பொது நூலகத்தின் மின்னூல்களைக் கோபோவிலேயே இரவல் வாங்க முடியும். கிண்டிலில் அந்த வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே.

நூல் வந்ததும் இரண்டு நிமிடச் சோதனை. கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ வரும் பக்கம் ஒன்றைத் திறந்து, எங்காவது சிறு புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் (◌) தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கோப்பில் கோளாறு. பிறகு, வரிகளை இருபக்கமும் நேராக நிறுத்தும் அமைப்பை மாற்றி, இடப்பக்கம் மட்டும் நேராக நிற்கும்படி வையுங்கள். தமிழில் சொற்கள் நீளம். சிறிய திரையில் இருபுறமும் இழுத்து நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும், கண் தடுமாறும். கோப்பில் மொழி ‘ஆங்கிலம்’ என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் சொல்லைத் தொடும்போதெல்லாம் ஆங்கில அகராதி குறுக்கே வரும். கோவித் கோயல் 2006-இல் தொடங்கிய ‘காலிபர்’ என்ற இலவச மென்பொருளில் நூலின் மொழியைத் தமிழ் என்று மாற்றி மறுபடி அனுப்பினால் சரியாகும்.

ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கோ அதே அகராதி பெரிய வரம். தெரியாத சொல்லை அழுத்திப் பிடித்தால் பொருள் வரும். கிண்டிலில் அப்படித் தேடிய சொற்கள் தனிப்பட்டியலாகச் சேர்ந்து, பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டிப் படிக்கும் அட்டைகளாகவும் கிடைக்கும். ஆங்கில வழிப் பள்ளியில் படித்தும் ஆங்கில நாவலைத் தொடத் தயங்கும் பிள்ளைக்கு இ-ரீடர் வாங்க இது ஒன்றே போதுமான காரணம்.

மாடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி, முன்விளக்கு, யூ.எஸ்.பி. சி சார்ஜிங் இந்த மூன்றும் இருக்கட்டும். 16 ஜி.பி. தாராளம், எழுத்து மட்டுமுள்ள இபப் பெரும்பாலும் சில எம்.பி.க்கு மேல் போகாது. அடிப்படைக் கிண்டில் ஆறு அங்குலம், 158 கிராம். பேப்பர்வைட் (2024-இல் வந்தது) ஏழு அங்குலம், 211 கிராம்; தண்ணீர் பட்டால் தாங்கும், விளக்கை மஞ்சளாக்கிக்கொள்ளலாம். இந்தியாவில் இதன் அறிமுக விலை 16,999 ரூபாய். தமிழ் அதிகம் படிக்கும் பிள்ளைக்கு ஏழு அங்குலம் பரவாயில்லை, எழுத்தைப் பெரிதாக வைத்தாலும் வரியில் போதிய சொற்கள் நிற்கும். ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் போன்ற கருவிகளில் எந்தச் செயலியையும் நிறுவலாம் என்பது பெரியவர்களுக்கு வசதி. கைப்பேசிக்கு மாற்றாக வாங்கும் வீட்டில் அதுவே வம்பு.

கண்ணுக்கு நல்லது என்ற விளம்பரத்தை அளவோடு நம்பலாம். இ-ரீடரில் இருக்கும் மின்மை (இ-இங்க்) திரை, காகிதம் போல வெளிச்சத்தைப் பிரதிபலிக்கிறது. அதன் விளக்கு ஓரத்திலிருந்து பக்கத்தின் மீது விழுகிறது, கண்ணை நோக்கி அல்ல. வெயிலிலும் படிக்கலாம். ஆனால் முகத்துக்கு ஒரு சாண் அருகில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் படித்தால் அச்சுப் புத்தகத்தில் என்ன ஆகுமோ அதுதான் இதிலும் ஆகும்.

அதிகம் உடைவது எது என்றால், திரை. மேலே கீறல்கூட இருக்காது. பாதிப் பக்கம் கோடுகோடாக உறைந்து நிற்கும். இந்தத் திரைகளில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் மெல்லிய கண்ணாடி. பள்ளிப் பையில் டிபன் பாக்ஸின் மூலை அழுத்தினாலே உள்ளே விரிசல் விழுந்துவிடும். உத்தரவாதம் இதற்குப் பொருந்தாது. திரை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கும். ஆகவே கெட்டியான மூடும் உறையும் பரிசின் ஒரு பகுதி. மிருதுவான துணிப்பை கீறலைத் தடுக்கும், அழுத்தத்தைத் தடுக்காது.

கணக்கு விஷயத்திலும் கவனம் வேண்டும். இணையத்தில் கிண்டில் வாங்கும்போது, கருவியை வாங்குபவரின் கணக்கோடு இணைக்கும் குறியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாமா வாங்கிய நூல்களெல்லாம் மருமகன் திரையில் வரிசையாக நிற்கும். ஒரே தொடுதலில் நூல் விலைக்கு வந்துவிடும் என்பதால் ‘பேரன்டல் கன்ட்ரோல்ஸ்’ பகுதியில் கடையையும் இணைய உலாவியையும் கடவுச்சொல் வைத்துப் பூட்டலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால், வைஃபையும் உலாவியும் உள்ள கருவியை அங்கே அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பழைய கருவி வாங்குவதாக இருந்தால், விற்பவர் தம் கணக்கிலிருந்து நீக்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பரிசு தரும் நாளுக்கு முந்தைய வாரம் பெட்டியைப் பிரித்து, சார்ஜ் ஏற்றி, வைஃபையில் இணைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, ஐந்தாறு நூல்களை ஏற்றி மறுபடி கட்டிவிடுங்கள். குறை இருந்தால் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் தெரிந்துவிடும். நூல்களை மூட்டையாக ஏற்ற வேண்டாம். ஒவ்வொன்றின் சொற்களையும் கருவி தேடலுக்காகப் பட்டியலிடும். அது முடியும்வரை பேட்டரி வேகமாக இறங்கும், பக்கம் திரும்புவதும் தாமதமாகும். டெலிகிராமில் சுற்றும் ‘ஐயாயிரம் தமிழ் நூல்கள்’ தொகுப்பை ஏற்றுகிறவர்கள் இதில் கட்டாயம் சிக்குவார்கள். எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் சேர வேண்டிய காசைத் திருடிய குற்றம் தனி.

பிள்ளை இப்போது படிக்கிற வழக்கமே இல்லாதவர் என்றால் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். வீட்டிலுள்ள பழைய கைப்பேசியில் கிண்டில் செயலியை இலவசமாக நிறுவி, அவர் கேட்ட நூலையே கொடுத்துப் பாருங்கள். அதை முடித்து அடுத்ததைக் கேட்டால் கருவி வாங்க நேரம் வந்துவிட்டது.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள். பாடநூல்களை பி.டி.எஃப். ஆக இலவசமாக இணையத்தில் தருவது நல்ல சேவை. அவற்றில் தமிழ் விரிவானக் கதைகள், ஆங்கிலத் துணைப்பாடக் கதைகள் போன்ற எழுத்து மட்டுமுள்ள பகுதிகளை யூனிகோடு இபப் ஆகவும் வெளியிட்டால் எந்தச் சிறிய திரையிலும் படிக்கலாம். தமிழ்ப் பதிப்பகங்கள் தம் இணைய விற்பனைப் பக்கங்களில் விலைக்குப் பக்கத்திலேயே, மின்னூல் இபப் வடிவமா, பி.டி.எஃப். வடிவமா, ஸ்கேன் பக்கமா என்று ஒரு வரி சேர்த்தால் வாங்குகிறவர்கள் ஏமாற மாட்டார்கள்.

இப்படிக்கு,
பள்ளி நூலகர் ஒருவர்,
மயிலாடுதுறை