பருப்பு வேகாத தண்ணீர்: பாலாற்று மாசுக் குழுவுக்கு ஒரு மடல்

தோல் ஆலைக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக, உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜனவரி 30 தீர்ப்பின்படியான பாலாற்று மாசுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வாணியம்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 11 வருஷம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. உங்கள் குழு வரப்போகிறது என்பதே என் மெஷினுக்கு வந்த தாள்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பட்டா, சிட்டா, பழைய இழப்பீட்டு ஆணை என்று நாலாக மடித்து மடிப்பில் கிழிந்த காகிதங்களை ஆட்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓரத்தில் டேப் ஒட்டி, கண்ணாடியில் பதமாக வைத்து நகல் எடுத்துக் கொடுத்தேன். அப்படி நிற்கையில்தான் ஒன்று உறைத்தது. வந்தவர்கள் எல்லோரும் நிலம் இருந்தவர்கள். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர் ஒருவர்கூட நகல் எடுக்க வரவில்லை. எடுப்பதற்கு அவர்களிடம் தாள் ஏது?

எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் உண்டு. அம்மாவின் அப்பாவுக்கு உதயேந்திரம் பக்கம் ஆற்றை ஒட்டி ஒன்றரை ஏக்கர், தென்னையும் நெல்லும். என் அப்பா தோல் ஷாப்பில் தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம் ஓட்டினவர். மாமனார் கிணற்றைக் கெடுத்த தண்ணீரில்தான் மருமகன் சம்பளம் வாங்கினார். இதை வைத்து எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளை எழுதினால் மடல் நீண்டுவிடும்.

கிணறு கெட்டதை முதலில் கண்டுபிடித்தது எந்த அதிகாரியும் இல்லை, என் ஆயா, அம்மாவின் அம்மா. ஒரு நாள் துவரம்பருப்பு வேகவில்லை. கடைக்காரன் பழைய பருப்பைத் தள்ளிவிட்டான் என்று திட்டி வேறு கடையில் வாங்கினார். அதுவும் வேகவில்லை. விறகுதான் தீர்ந்தது. பிறகு சோப்பு நுரைக்கவில்லை. அடுத்த வருஷம் இளநீரிலேயே உப்புக் கரித்தது. அதுவரை ஆற்று மணலை ஒரு முழம் தோண்டினால் ஊற்று எட்டிப் பார்க்கும்; கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்திருக்கிறோம்.

தோல் பதனிடப் போடும் குரோமியம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் எங்கள் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் லாரியில் வரும். ஊறவைத்த முதல் தண்ணீரிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி இறங்கிவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் சகதியை வடிகட்டலாம். கரைந்த உப்பு சாதாரண வடிகட்டலில் போகாது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவு என்று உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. அத்தனையும் எங்கே போயிருக்கும்?

என் தாத்தா காலத்து ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். ஒரு தோல் பதப்பட வாரக்கணக்கில் ஆகும். 1970-களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு வந்தது. முடித்த தோல்தான் போகவேண்டும் என்றார்கள். அதோடு குரோம் பரவியது. டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒரே நாளில் தோல் நீலமாக வெளியே வரும். அப்பாவின் கையும் அப்படித்தான் வரும். விரல் இடுக்கில் குண்டூசித் தலை அளவு குழிப்புண்கள், வலிக்காது, ஆறவும் ஆறாது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "இது ஷாப்பு முத்திரைம்மா, அழியாது" என்பார். வியாழக்கிழமை சாயங்காலம் சம்பளம், வெள்ளி லீவு. சம்பளத்தன்று பஜாரில் நடக்க இடமிருக்காது. இஸ்லாமியா கல்லூரி 1919-லிருந்து நிற்கிறதே, அதன் பின்னாலும் தோல் வியாபாரிகளின் பணம் உண்டு. நன்றிகெட்டுப் பேச எனக்கு மனசில்லை. ஊர் அதில் வாழ்ந்தது.

1996 ஆகஸ்ட் 28-ல் அந்தத் தீர்ப்பு வந்தது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுவிட்டதாக அதிலேயே சொல்லப்பட்டது. ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் எங்கள் ஆற்று வழக்குக்குப் பெரும்பங்கு உண்டு என்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். பெருமைதான். 2001-ல் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி என்று கணக்குப் போட்டது. கொடுக்க வேண்டியவை 547 ஆலைகள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. ஒரு ஆலையின் அபராதத்தைவிட ஒரு குடும்பத்தின் கிணறு மலிவு.

அந்தப் பட்டியலில் தாத்தா பேர் இருந்தது. அப்பா பேர் இல்லை. தண்ணீர் சுத்திகரிப்புச் செலவு, கெடு, சீல் என்று அப்பாவின் ஷாப்பு முதலில் பாதி நாள் ஓடியது, பிறகு நின்றது. ஒரு வியாழக்கிழமை கணக்குப் பிள்ளை சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, "சனிக்கிழம வராத, சொல்லி அனுப்புறன்" என்றாராம். சொல்லி அனுப்பவே இல்லை. பீஸ் கணக்குக் கூலி. கார்டு கிடையாது, பி.எஃப். கிடையாது. இப்போது அந்த இடம் வெங்காய குடோன். மழை பெய்தால் சுவரின் அடியில் இன்னும் மஞ்சளாகப் பூக்கிறது.

ஊரும் அப்படித்தான் ஆனது. விடியுமுன் ஷூ கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொள்ளும். பையன்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும். பகலில் தெருவில் மிச்சம் இருமுகிற கிழவர்கள்தான்.

ராணிப்பேட்டையையும் சேர்த்துப் பாருங்கள். அரசுப் பங்கோடு தொடங்கிய, குரோம் ரசாயனம் செய்த குரோமேட் ஆலையை 1990-களில் மூடிவிட்டார்கள். லட்சம் டன்னுக்கு மேல் கழிவு மலை மாதிரி கிடக்கிறது. கெடுத்தவனே கொடுக்க வேண்டுமென்றால், இங்கே அரசுக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது? 2015 ஜனவரி 31-ல் அதே ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். அவர்களிடமும் பட்டா இருந்திருக்காது.

ஆந்திராக்காரர்கள் மேலே பாலாற்றில் இருக்கும் புல்லூர் தடுப்பணையை 2016-ல் 5 அடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்திவிட்டார்கள், ஆற்றில் தண்ணீர் வந்தால் எல்லாம் கழுவிப்போகும் என்று உங்களிடம் சிலர் சொல்வார்கள். அந்த வழக்கு வேறு. 2021 நவம்பரில் கரை தொட்டு வெள்ளம் போனது, பாலத்தில் குடும்பத்தோடு நின்று பார்த்தோம். கிணறு மாறவில்லை. மழை வந்தால் மாராப்பட்டுப் பாலத்தடியில் நுரை பொங்குவதுதான் எங்களுக்குத் தெரிந்த கழுவல்.

நான் கேட்பது இதுதான். நிலத்துக்குப் பட்டா உண்டு, கைக்குப் பட்டா கிடையாது. கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்து தாள் கேட்டால் எங்கள் தெருக்காரர்கள் வரமாட்டார்கள். நீங்கள் தெருவுக்கு வந்து கையைப் பாருங்கள். எந்த ஷாப்பில், எத்தனை வருஷம், எந்த டிரம்மில் என்று அவர்கள் வாயால் கேளுங்கள்; ஒருவருக்கொருவர் சாட்சி சொல்வார்கள். கூட ஒரு தோல் டாக்டரையும் நெஞ்சு டாக்டரையும் கூட்டிவாருங்கள். கிணற்று நீரைச் சோதித்தால் முடிவைத் தமிழிலும் உருதுவிலும் எழுதி அந்தந்தத் தெருவில் ஒட்டுங்கள். ஜெராக்ஸ் என் கணக்கு.

அய்ப்பசியில் வராதீர்கள், சித்திரையில் வாருங்கள். வரும்போது கால் கிலோ துவரம்பருப்பு உங்கள் கையாலேயே வாங்கி வாருங்கள். தாத்தா கிணற்றுத் தண்ணீரில் ஒரு உலை, கேன் தண்ணீரில் ஒரு உலை, என் அம்மா வைப்பார். இரண்டு பானையிலும் கரண்டி போட்டு நீங்களே நசுக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
டிரம் ஓட்டினவரின் மகள்,
வாணியம்பாடி.