அவள் சொல்லி முடிக்கட்டும்

கண்ணா,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து நேரத்துக்குப் போட்டுவிடுகிறேன். சொல்ல வேறு சேதிகளும் இருக்கின்றன. ஆனால் மனசு ஒன்றிலேயே நிற்கிறது, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் வீடியோ காலில் உன் மனைவி தன் ஆபீஸைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். "இன்னிக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாலயும்..." என்றாள். அதற்குள் நீ, "மேனேஜருக்கு ஒரு மெயில் போடு, ஹெச்.ஆருக்கும் காப்பி வை" என்றாய். அவள் "சரி" என்றாள். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் அவள் பேசவே இல்லை. உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. உன் அக்கா விஷயத்தில் ஆளாளுக்குக் கேட்டு என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரியும். அடுத்தவர் பேசும்போது காது கொடுப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ எதையும் சரிசெய்து கொடுக்கிற பிள்ளை. பாட்டி படுக்கையில் விழுந்தபோது ஆக்சிஜன், ஆம்புலன்ஸ், மருந்து எல்லாவற்றையும் யாரும் சொல்லாமலே நீதான் பார்த்துக்கொண்டாய். அப்பா இன்றைக்கும் அதை எல்லாரிடமும் சொல்வார், எனக்கும் பெருமைதான். ஆனால் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டவள் உன் தங்கை. கடைசி நாட்களில் பாட்டி தேடியது யாரை என்றும் உனக்குத் தெரியும்.

வார்டில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் நான் கண்டது இது. நோயாளி சொல்ல வந்த முக்கியமான விஷயத்தை முதலில் சொல்லமாட்டார். டாக்டர் கிளம்பித் திரும்பும்போது, "அப்புறம் இன்னொண்ணு..." என்று ஆரம்பிப்பார். பல சமயம் வந்த காரணமே அதுவாக இருக்கும். 1984இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. டாக்டரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிட்டார். சொல்ல வந்ததை முழுக்கச் சொல்ல முடிந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். இதில் எனக்கு மறக்காத பகுதி, தடுக்காமல் பேச விடப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடத்துக்குள் பேசி முடித்துவிட்டார்கள் என்பது. பேச விட்டால் நேரம் போய்விடும் என்று பயந்துதான் நாம் நடுவில் புகுகிறோம். அவர்கள் கேட்டதோ அந்த ஒரு நிமிடம். உன்னாலும் அதைக் கொடுக்க முடியும்.

உங்கள் ஆபீஸில் எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது உணர்வுகளைப் புரிந்து நடக்கிற திறன், என்று ஒரு பயிற்சி நடந்ததாகவும், உனக்குச் சான்றிதழ் கொடுத்ததாகவும் சொன்னாய். நல்ல விஷயம். 1990இல் சாலோவே, மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதை விளக்கும்போது, பிறர் மனசில் ஓடுவதோடு தன் மனசில் ஓடுவதையும் கவனிக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். இந்த இரண்டாவதைத்தான் நீ விட்டுவிட்டாய் என்று எனக்குப் படுகிறது. உனக்கு அக்கறை இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பிரியமானவர்கள் கலங்கினால் உனக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தத் தவிப்பை நிறுத்தத்தான் அவசரமாக ஒரு யோசனையைச் சொல்லிவிடுகிறாய். அதில் உனக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அவளுடைய பாரம் அவளிடமே இருந்துவிடுகிறது.

அதனால் அவள் பேசும்போது முதலில் உன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார். பதில் நாக்கு நுனிக்கு வந்தால் ஒரு மூச்சு பொறு. அவள் நிறுத்தினாலும் உடனே பேசாதே. முடித்துவிட்டாள் என்று நீ நினைக்கிற இடத்துக்கு அப்புறம்தான் பெரும்பாலும் உள்ளே இருப்பது வெளியே வரும். "ஏன் அப்படிச் செய்தாய்" என்று ஆரம்பிக்காதே, அதைக் கேட்டதும் யாருக்கும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தோன்றும். "அப்போ உனக்கு எப்படி இருந்தது" என்று கேள். "எனக்கும் ஒரு தடவை இப்படித்தான்" என்று உன் கதைக்குப் போய்விடாதே. "இதுக்குப் போயா" என்பதை மறந்தும் சொல்லாதே. உங்கள் சித்தப்பா வீட்டில் அந்த ஒரு வார்த்தை என்ன பாடுபடுத்தியது!

அவள் சொன்னதிலிருந்து உனக்குப் புரிந்ததை அவளிடமே சொல்லிப் பார். "எல்லார் முன்னாலயும் சொன்னதுதான் உனக்குக் கோபமா?" என்று கேட்டால், "கோபம் இல்லை, அவமானமா இருந்தது" என்பாள். நீ தப்பாகச் சொன்னதிலும் நஷ்டமில்லை, தேடிப் பார்க்கிறாய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் சண்டைக்கும் இதையே ஒரு விதியாகச் சொன்னார். எதிரில் இருப்பவர் சொன்னதை, அவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் நம் கட்சியைப் பேசலாம். செய்து பார், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பாதி நேரம் நாம் கேட்டதே வேறாக இருக்கும்.

உன் யோசனைகள் வீண் என்று சொல்லவில்லை. எனக்கே உன் யோசனை இல்லாமல் பேங்க் வேலை எதுவும் ஓடாது. சொல்வதற்கு முன்னால், "நான் யோசனை சொல்லட்டுமா, இல்ல சும்மா கேட்டா போதுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள். போதும் என்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார். திரும்பச் சொல்கிறேன், ஒரு மூச்சு பொறு.

குட்டி உன்னையே பார்த்து வளர்கிறான். அன்றைக்கு அவனும் ஏதோ சொல்ல வந்து, உன் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனான். அதையும் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணமாட்டேன். அந்த மீட்டிங்கில் என்ன நடந்தது என்று அன்றைக்கு நீயே அவளிடம் கேள். அவள் சொன்னதை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா