படம் வரைபவர் வீட்டில், எழுதியவன் மேடையில்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காரும் நேரம் பார்த்து ஒரு பயணம் வந்து நிற்கும், அது முடிந்தால் இன்னொன்று. கப்பலை விட்டுக் கரையேறிய பிறகு உனக்கு ஒழுங்காகத் தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். எஞ்சின் சத்தம் இல்லாமல் தூங்க முடியவில்லை என்று நீ சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், நான் நம்புவேன். எனக்கு இப்போது ரயில் சத்தம் இல்லாமல் எழுத வரமாட்டேன் என்கிறது.

இரண்டாம் பக்கத்தில், ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோல, "நீ இப்போது எழுதுகிறாயா, இல்லை எழுதுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாயா?" என்று கேட்டிருந்தாய். உன் குசும்பு மட்டும் வயதாகாமல் அப்படியே இருக்கிறதடா. எழுதுகிறேன் என்று ஒரு வரியில் முடித்துத் தப்பிக்கலாம். ஆனால் அதே கேள்வி எனக்குள்ளும் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

வார நாட்களில் வகுப்பு, வார இறுதியில் மேடை, இரண்டுக்கும் நடுவே ரயிலோ விமானமோ. காமிக்ஸ் எழுதுகிறவனின் பிழைப்பு பல இடங்களில் இப்படித்தான் ஓடுகிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிய பணம் ஒரு தடவை வரும், அத்தோடு சரி. ராயல்டி வந்தால் உண்டு. வகுப்புதான் வாடகையைக் கட்டுகிறது. விழாக்காரர்கள் டிக்கெட்டும் அறையும் போட்டுக் கொடுக்கிறார்கள். இதில் பெருமைப்படவோ மூக்கைச் சிந்தவோ ஒன்றுமில்லை.

என்னைக் குடைவது வேறு விஷயம். நான் இப்படி ஊர் ஊராகப் போக முடிகிறதே, எப்படி? ஒரு பக்கத்துக்கான ஸ்கிரிப்டை, மனசு ஒத்துழைத்தால், ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். அதே பக்கத்தைப் பென்சிலில் போட்டு, மை ஏற்றி முடிக்க ஓவியருக்கு ஒரு முழு நாள் போய்விடும். கூட்டம், கட்டடம், வாகனம் என்று வந்தால் ஒரு நாள் போதாது. "ஆயிரம் குதிரை வீரர்கள் பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள்" என்று எழுத எனக்கு ஐந்து சொற்கள்தான். வரைகிறவருக்கு அந்த ஐந்து சொற்களால் வாரமே காலி. ஆக, நான் மேசையை விட்டு எழுந்து போகிறேன் என்றால் இன்னொருவர் எழாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீயை எடுத்துக்கொள். 1960-களில் மார்வெல் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனத்தில் அவர் பல இதழ்களுக்குக் கதைச் சுருக்கத்தை மட்டும் சொல்லுவார். ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ போன்ற ஓவியர்கள் அதைப் பக்கம் பக்கமாகக் காட்சியாக்கி வரைந்து கொண்டுவருவார்கள். அப்புறம் லீ பேச்சு பலூன்களில் வசனத்தை நிரப்புவார். 1972-ல் பதிப்பாளர் நாற்காலிக்குப் போனதும் மாதத் தொடர்கள் எழுதுவதை அநேகமாக விட்டுவிட்டுக் கல்லூரி கல்லூரியாகப் பேசப் போனார். மேடைக்கென்றே பிறந்த மனிதர். கேட்டவர்கள் மனதில் அத்தனை பாத்திரங்களையும் படைத்தவர் அவர் ஒருவரே என்று பதிந்துவிட்டது. கிர்பி அதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை, தீர்ப்புச் சொல்ல ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். ஆனால் வரைகிறவர் மேசையில் இருக்க, பேசத் தெரிந்தவர் மைக் முன்னால் நின்றால் பெயர் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் மேடையில் என்னதான் செய்கிறேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது இல்லையா? புத்தகத்தின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டு, நானே எல்லாக் குரலிலும் வாசிப்பேன். ஆரம்பத்தில் இது சுலபம் என்று தோன்றும். ஆனால் கண் காதைவிட வேகம். படத்தோடு வசனமும் திரையில் தெரிந்தால் நான் வாய் திறக்கும் முன்பே கூட்டம் படித்துச் சிரித்துவிடும். அப்புறம் நான் வாசிப்பது செத்த பாம்பை அடிப்பதுதான். நல்லவேளையாக, கணினியில் படம் ஓர் அடுக்காகவும் எழுத்து இன்னோர் அடுக்காகவும் தனித்தனியாகத்தான் இருக்கும். எழுத்தை மட்டும் அணைத்துவிட்டு, வெறும் பலூன்களுடன் படத்தைப் போடுகிறேன். அந்த வெள்ளைப் பலூனைப் பார்த்துக்கொண்டு கூட்டம் காத்திருக்கும் ஒரு நொடி இருக்கிறதே, அதற்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். பொய் சொல்வானேன், போதை அது.

இன்னொரு வித்தையை ஜப்பானிய கமிஷிபாய்க்காரர்களிடமிருந்து, அதாவது தெருவில் படம் காட்டிக் கதை சொல்கிறவர்களிடமிருந்து, எடுத்துக்கொண்டேன். 1930-களில் சைக்கிளில் ஒரு மரச்சட்டத்தை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். கட்டைகளைத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டி, மிட்டாய் விற்றுவிட்டுக் கதையைத் தொடங்குவார்கள். சட்டத்துக்குள் பட அட்டைகள் அடுக்கியிருக்கும். சொல்ல வேண்டிய வசனம் அட்டைகளின் பின்பக்கத்தில். முன்னால் இருக்கும் அட்டையை எப்போதும் ஒரேயடியாக உருவிவிட மாட்டார்கள். பாதி உருவி நிறுத்துவார்கள், அடுத்த படத்தின் ஓரம் மட்டும் தெரியும். ஒரு கை தெரியும், யாருடைய கை என்று தெரியாது. நாம் புத்தகத்தில் பக்கம் திருப்பும் இடத்தில் வைக்கும் அதிர்ச்சியை அவர்கள் மணிக்கட்டில் வைத்திருந்தார்கள். நான் திரையில் படத்தை மாற்றும் கிளிக்கரில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, வம்புக்கு வருகிறேன். எங்கள் புத்தகத்தில் ஒரு தாய் மருத்துவமனை நடைபாதையில் காத்திருக்கும் பக்கம் இருக்கிறது. வரிசையாக மூன்று கட்டங்கள், வசனமே கிடையாது. முதல் கட்டத்தில் அவள் கைப்பையைப் பிடித்திருக்கிறாள். மூன்றாவதில் பை கீழே இருக்கிறது. கையில் உள்ளே இருப்பவனின் சட்டை. எப்போது எடுத்தாள் என்பது கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டில் நடந்துவிட்டது. புத்தகத்தில் இந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்று வாசகர்தான் முடிவு செய்கிறார். மேடையில் அந்த முடிவு என் கையில். நிசப்தமான அரங்கில் ஒன்றும் சொல்லாமல் நிற்பது எவ்வளவு கடினம் தெரியுமா? ஓர் இரவு என்னையறியாமல் அவளுக்கு ஒரு வசனம் கொடுத்துவிட்டேன். கூட்டத்துக்குப் பிடித்தது. அதன் பிறகு எல்லா ஊரிலும் சொன்னேன். அப்புறம் ஒருநாள் கையெழுத்துக்கு நின்ற வாசகர் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, இந்த இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறதே, அச்சுப்பிழையா என்று கேட்டார்.

இதை ஓவியரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த வரிக்கு இடம் இருக்கக் கூடாது என்றுதான் அப்படி வரைந்தேன்" என்றார். அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மேடையே கூடாது என்று சொல்ல வரவில்லை. இந்தக் கலைக்கு மேடை ஒன்றும் புதிதில்லை. காமிக்ஸ் ஓவியர் வின்சர் மெக்கே 1906-லேயே அமெரிக்க அரங்குகளில் கூட்டத்தின் முன் நின்று மளமளவென்று வரைந்து காட்டியவர். 1914-ல் கெர்ட்டி என்ற டைனோசரை வரைந்து திரையில் ஓடவிட்டு, கையில் சாட்டையுடன் முன்னால் நின்று அதற்கு உத்தரவு போட்டார். கடைசியில் திரையின் பின்னால் நுழைந்து மறைவார், அதே நேரம் வரைந்த உருவமாகத் திரைக்குள் தோன்றி அதன் மேல் ஏறிப் போவார். அவருக்குச் சம்பளம் கொடுத்த பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் பிறகு அந்த மேடைகளுக்குக் கடிவாளம் போட்டார் என்பது தனிக்கதை. ஆனால் மெக்கே காட்டியது அவர் கையால் வரைந்ததை. காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் வேறு வழியில் போனார். 1995-ல் நியூகாசிலில் அவர் மேடையில் நிகழ்த்திய ஒன்றை ஓவியர் எடி கேம்பெல் பின்னால் காமிக்ஸாக வரைந்தார். அங்கே மேடை முதலில் வந்தது, படம் பிறகு. நான் செய்வது இரண்டும் இல்லை. இன்னொருவர் வரைந்து முடித்ததை எடுத்துக்கொண்டு போய்க் கைதட்டல் வாங்கிவருகிறேன்.

வகுப்பைப் பற்றி எனக்கு இந்த உறுத்தல் இல்லை. அங்கே கொடுப்பதைவிட வாங்குவதுதான் அதிகம். காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் நியூயார்க்கில் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் பாடம் நடத்தியவர். அந்த வகுப்புகளிலிருந்துதான் 1985-ல் வந்த அவருடைய காமிக்ஸ் பாடநூல் பிறந்தது. பாடம் நடத்தியதால் அவர் வரைவது வற்றிவிடவில்லை, பிற்காலத்து நீள்கதைகள் வந்துகொண்டேதான் இருந்தன. அதை நினைத்து அவ்வப்போது தைரியப்படுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் நடந்ததைக் கேள். கட்ட விவரிப்பு, அதாவது ஒரு கட்டத்தில் என்ன வரைய வேண்டும் என்று ஓவியருக்குச் சொல்லும் குறிப்பு, எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, "அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, கதவைத் திறந்து, வெளியே எட்டிப் பார்க்கிறாள்" என்று எழுதியிருந்தாள். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்வது இது. ஒரு கட்டத்துக்குள் மூன்று வேலை. நான் ஒன்றும் சொல்லாமல் தாளைப் பக்கத்து இருக்கைப் பையனிடம் கொடுத்து வரையச் சொன்னேன். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பின்னால் தள்ளப்பட்ட ஒரு நாற்காலியையும், பாதி திறந்த கதவிலிருந்து தரையில் விழும் வெளிச்சத்தையும் மட்டும் வரைந்தான். "அவள் எங்கே?" என்று கத்திவிட்டாள், விதியாவது ஒன்றாவது. "நீ மூன்று வேலை கொடுத்தாய், இடம் ஒன்றுதான் இருந்தது. அவள் போன பிறகு வரைந்துவிட்டேன்" என்றான். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

இதே பிள்ளைகள்தான் என்னை 24 மணி நேரக் காமிக்ஸ் சவாலுக்கும் இழுத்துவிட்டார்கள். 1990-ல் ஸ்காட் மெக்ளவுட் என்ற காமிக்ஸ் ஓவியர் தொடங்கிவைத்த பைத்தியக்காரத்தனம் அது. 24 மணி நேரத்தில் 24 பக்கம், எழுதுவதும் வரைவதும் ஒரே ஆள். எனக்கு வரையத் தெரியாது என்று உனக்குத் தெரியும். குச்சி மனிதர்களை வைத்தே ஓட்டினேன். நள்ளிரவுக்கு மேல் என் கதையில் கூட்டமே வரவில்லை. பாத்திரங்கள் எல்லாம் மூடுபனியில் நடந்தார்கள், ஏனென்றால் மூடுபனிக்குப் பின்னணி வரைய வேண்டாம். குதிரை? பேச்சே எடுக்காதே. அடுத்த நாள் ஓவியரைக் கூப்பிட்டு, அந்தப் பள்ளத்தாக்குக் காட்சியை வெறும் தூசிப்படலமாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். பாதி முடித்துவிட்டேன், இப்போதுதான் ஞானம் வருகிறதா என்றார்.

பயணத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விமான நிலையங்கள் எல்லாம் ஒன்று போலத்தான். பிரான்சில், காமிக்ஸ் விழாவுக்குப் பேர்போன அங்குலேம் என்ற ஊர் மட்டும் மனதில் நின்றது. தெருப்பெயர்ப் பலகைகளே பேச்சு பலூன் வடிவத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு தெருவும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறது.

இப்போது நான் எடுத்திருக்கும் முடிவு. மேடைக்கு வரும் பணத்தில் பாதி ஓவியருக்கு. திரையில் அவர் பெயர் முதலில். வசனமில்லாத கட்டங்களை மேடையில் காட்டுவதே இல்லை, அவை புத்தகத்தில் மட்டும். அழைப்பு வந்தால் இந்த மூன்றையும் முதலிலேயே எழுதி அனுப்பிவிடுகிறேன். கூட மேடைக்கு வந்து வரைகிறீர்களா என்று அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு விளக்கு வெளிச்சம் ஆகாது. பணம் சரி. ஆனால் நீங்கள் வெளியூரில் இருந்து அனுப்பும் ஸ்கிரிப்டில் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அதைப் பாருங்கள்" என்றார். பழைய பக்கங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன், உண்மைதான். கூட்டத்தின் சிரிப்பு காதிலேயே இருக்கும்போது எழுதினால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பஞ்ச் விழுந்துவிடுகிறது.

அதனால் புதுக் கதையில் மேடையில் வாசிக்கவே முடியாத ஓர் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்கு நீ வேண்டும். நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பலில் மின்சாரம் மொத்தமாகப் போய்விடுகிறது. அவசர ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் மின்சுமையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீ ஒருமுறை சொன்னாய். அந்த 45 விநாடிகள்தான் அத்தியாயம். ஒரு பேச்சு பலூன் கிடையாது, 'டமார்' மாதிரி ஓர் ஒலிச்சொல்கூடக் கிடையாது.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. எஞ்சின் அறையில் முதலில் எது நிற்கிறது, எது தன் வேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும்? இருட்டில் ஆட்களின் கை முதலில் எதைத் தேடிப் போகும்? டார்ச்சை எங்கே மாட்டியிருப்பார்கள்? ஏணியின் கைப்பிடி எந்தப் பக்கம்? உன்னிடம் பழைய புகைப்படங்கள் இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, வேண்டும். பதிலை எனக்கு அனுப்பாதே, நான் அதில் வசனம் சேர்த்துவிடுவேன். ஓவியரின் முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன், நேராக அவருக்கே எழுது. பம்புகளையும் குழாய்களையும் பற்றி உனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல். எத்தனை குழாய் வரைய வேண்டியிருக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிவது நல்லது.

உன்,
பழைய தோழன்