கேரளப் பள்ளிகளின் லினக்ஸ் நமக்கும் கைகூடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுக்கு வந்ததையடுத்து, பழைய கணினிகளை என்ன செய்வது என்று வீடுகளிலும் அலுவலகங்களிலும் பேச்சு எழுந்துள்ளது. இந்நிலையில், நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல இயங்குதளங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை மிகுந்த மகிழ்ச்சியோடு படித்தேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கும் நான், அவற்றுள் ஒன்றான லினக்ஸ் சாதாரண மக்களின் மேசைக்கு வரும் காலத்தை ஆவலோடு எதிர்பார்த்திருப்பவன். உரிமக் கட்டணம் மிச்சமாவதே இம்மாற்றத்தின் முதன்மைக் காரணம் என்று கட்டுரை சொல்கிறது. அந்த மிச்சம் உண்மைதான். ஆயினும், இலவசமாகக் கிடைக்கும் ஒன்று மக்களிடம் நிலைபெறுவதும் நிலைபெறாமல் போவதும் பயிற்சியைப் பொறுத்தே அமைகின்றன என்பதற்கு, நம் மாநிலத்தையும் அண்டை மாநிலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

கேரள அரசு 2001-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளிலேயே முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது எவரும் தடையின்றிப் பயன்படுத்தி மாற்றக்கூடிய மென்பொருளுக்கு, மாறியது. அங்கே முதலில் பயிற்சி பெற்றவர்கள் ஆசிரியர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார், அவருக்கு மேல் மாவட்ட அளவில் இருந்த பயிற்றுநர்களும் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆகவே ஒரு கணினி இயங்க மறுத்தால், வெளியூரிலிருந்து ஒருவர் வரும்வரை வகுப்பு காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. ஜிம்ப், இன்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே பாடநூல்கள் எழுதப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாம் வகுப்பின் ஐ.டி. செய்முறைத் தேர்வே லினக்ஸில் நடைபெறலாயிற்று. தேர்வில் கேட்கப்படுவதை எந்தப் பள்ளியும் புறக்கணிக்காது என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இத்திட்டத்தின் வழித்தோன்றலான கைட் நிறுவனம், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்டு தான் உருவாக்கிய பதிப்பை 2019-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு எடுத்துச் சென்றது. அதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அந்நிறுவனமே அப்போது மதிப்பிட்டது. கட்டணம் செலுத்திப் பெறும் மென்பொருள்கள் அனைத்தையும் ஒவ்வொரு கணினிக்கும் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு என்ற கணக்கு அது. நடைமுறையில் எந்த அரசும் அவ்வளவையும் வாங்கியிருக்காது என்பதால், அத்தொகையை ஓர் உச்ச வரம்பாகக் கொள்வதே முறை. பள்ளிகளோடு இம்மாற்றம் நின்றுவிடவும் இல்லை. ஜனயுகம் என்ற மலையாள நாளிதழ் 2019-இல் தன் பக்க வடிவமைப்பு முழுவதையும் ஸ்க்ரைபஸ் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களுக்கும் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருக்களுக்கும் மாற்றிக்கொண்டது. அன்றாடம் அச்சுக்குப் போக வேண்டிய ஒரு நாளிதழ் இதைச் செய்து காட்டியிருப்பது பத்திரிகைத் துறையினராகிய தங்களுக்கு என்னைவிடவும் நன்றாக விளங்கும்.

தமிழகத்திலும் தொடக்கம் தாமதமானதன்று. தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2006, 2007-ஆம் ஆண்டுகளிலேயே தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்த்தே நிறுவப்பட்டு மாணவர் கைக்கு வந்தன. இந்திய மொழிகளில் இயங்கும் ஒரு லினக்ஸ் லட்சக்கணக்கான கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்த அரிய வாய்ப்பு அது. ஆனால் அதைத் திறந்து காட்டப் போதிய பயிற்சி தரப்படவில்லை. தேர்விலும் அதற்கு இடமில்லை. என்னிடம் படித்த மாணவர்களில் பலர், கணினியை இயக்கியவுடன் தோன்றும் பட்டியலில் பாஸ் என்ற வரியைக் கண்டும் ஒருமுறைகூட அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழுது பார்க்கக் கடைக்குப் போன மடிக்கணினிகள் திரும்பி வந்தபோது, இடம் மிச்சமாகட்டும் என்று அந்தப் பகுதி அழிக்கப்பட்டிருந்தது. இரு மாநிலங்களிலும் மென்பொருள் இலவசம்தான். இருந்தும் ஒன்றில் அது வேரூன்றியது, மற்றொன்றில் ஊன்றவில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே உறுதி செய்கிறது. பிரெஞ்சு ஜாண்டார்மரி காவல் படை இயங்குதளத்தில் முதலில் கைவைக்கவில்லை. விண்டோஸிலேயே ஓப்பன் ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் ஆகிய கட்டற்ற செயலிகளைப் பணியாளர்களுக்குப் பழக்கிவிட்டு, 2008-இல்தான் உபுண்டுவுக்கு மாறத் தொடங்கியது. கையில் பழகிய செயலிகள் அப்படியே இருந்ததால் அடித்தளம் மாறியது பெரிய தொல்லையாக இல்லை. இன்று சுமார் ஒரு லட்சம் கணினிகள் அவ்வாறு இயங்குகின்றன. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி முடித்த பிறகும், மேயர் மாறிய பின்னர் 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. இத்தோல்வியை மறைக்க வேண்டியதில்லை. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கும் பின்னர் லினக்ஸுக்கும் மாற்றுவதாக அறிவித்தபோது, அங்கும் அலுவலகச் செயலிகளிலிருந்தே பணி தொடங்கியது.

லினக்ஸ் வல்லுநர்களுக்கு மட்டுமே உரியது என்ற பழைய எண்ணத்துக்கு இன்று இடமில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் லினக்ஸின் மையப் பகுதியான கருவைத்தான் சட்டைப்பையில் சுமக்கிறார்கள். உலகின் முதல் 500 மீக்கணினிகள் (சூப்பர் கம்ப்யூட்டர்கள்) அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. மேசைக் கணினி மட்டுமே பின்தங்கியிருந்தது. அதுவும் இப்போது நகரத் தொடங்கிவிட்டது என்பதுதான் எனக்கு மிகுந்த உற்சாகத்தைத் தருகிறது.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத, 4 ஜி.பி. நினைவகம் கொண்ட கணினிகள் உள்ளன. தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அவற்றில் லினக்ஸ் மின்ட்டின், திறன் குறைந்த கணினிகளுக்கும் ஏற்ற எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை நிறுவினோம். முதலில் பென்டிரைவிலிருந்தே இயக்கி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல், பிரிண்டரும் புரொஜெக்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொண்டோம். தமிழ்99 விசைப்பலகையைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. ஐபஸ் உள்ளீட்டு முறையைச் சேர்த்ததும் அது கிடைத்தது. ஆனால் என் மாணவர்களைக் கவர்ந்தது வேறொன்று. மின்ட்டின் அப்டேட் மேனேஜர் பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதன் நிரல் கணினியிலேயே சாதாரண உரைக்கோப்பாக இருக்கிறது. அதைத் திறந்து காட்டியபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தான் பாடத்தில் படித்த இம்போர்ட், டெஃப், கிளாஸ் ஆகிய சொற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். தேர்வுக்காக எழுதிப் பழகும் பத்து வரி நிரலும், கண்ணெதிரே இயங்கும் ஒரு கருவியும் ஒரே மொழியில் எழுதப்பட்டவை என்பது அந்த வகுப்பில் அவர்களுக்குப் புரிந்தது. மூலநிரல் பூட்டப்பட்ட எந்த இயங்குதளத்தைக் கொண்டும் அந்தப் பாடத்தை என்னால் நடத்தியிருக்க முடியாது.

இடர்கள் இல்லாமலில்லை. கணக்குப்பதிவியல் மாணவர்களுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் தேவைப்படுவதால் சில கணினிகளை விண்டோஸிலேயே விட்டுவைத்திருக்கிறோம். அதைவிடப் பெரிய தடை பழைய எழுத்துருக்கள். ஒருங்குறியையும், தமிழுக்கான டேஸ்16 குறியீட்டு முறையையும் தமிழக அரசு 2010-இலேயே நியமங்களாக அறிவித்துவிட்டது. இருந்தும், பழைய குறியீட்டு எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் அலுவலகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் இன்னும் புழங்குகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவை பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரிகின்றன. பார்ப்பவர்களோ பழியை லினக்ஸின் மேல் போடுகிறார்கள். உண்மையில் அக்கோப்புகள் விண்டோஸிலும் அந்த எழுத்துரு இல்லையென்றால் அப்படித்தான் தெரியும். ஆகவே ஒருங்குறிக்கு மாறும் பணியும் லினக்ஸுக்கு மாறும் பணியும் பெரும்பாலும் ஒன்றே.

நம் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் உபுண்டு பற்றிய பாடமும் ஓப்பன் ஆபீஸ் பாடங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும் கற்பிக்கிறோம். இவை எல்லாமே திறந்த மூலத்தைச் சேர்ந்தவை. எனவே புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்டந்தோறும் கணினி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் நிறுவல் பயிற்சி தருவதையும், செய்முறைத் தேர்வை லினக்ஸில் எழுத விரும்பும் பள்ளிகளுக்கு வரும் கல்வியாண்டிலேயே வெளிப்படையான அனுமதி ஆணை வழங்குவதையும் பள்ளிக் கல்வித் துறை மேற்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழும் கேரளத்து ஐ.டி. ஒருங்கிணைப்பாளர்கள் சிலரை நேரில் கண்டு, முதல் ஆண்டில் அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களையும் அவற்றைத் தீர்த்த விதத்தையும் விரிவாக எழுதுமானால், என்னைப் போன்ற ஆசிரியர்கள் அதைக் கத்தரித்து ஆய்வகச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
விழுப்புரம் மாவட்டம்.