ஐஸ் பாரின் நடுவில் இருக்கும் வெள்ளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஆறாம் வகுப்புக்குத் திண்மம், திரவம், வாயு எடுக்கப்போகிறேன், காசிமேட்டு ஐஸ் கம்பெனியிலேயே கிடந்த ஆளாச்சே, ஏதாவது சொல்லுப்பா என்று போனில் கேட்டாய். துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கிற சத்தத்தில் ஒன்றும் பேச முடியவில்லை.

புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டிருப்பார்கள். திண்மத்துக்கு உருவமும் கன அளவும் உண்டு, திரவத்துக்குக் கன அளவு மட்டும், வாயுவுக்கு இரண்டுமே கிடையாது. சரிதான். அதை ஒப்பிக்கிற பையன் முன்னால் டம்ளரில் உப்பைக் கொட்டிக் காட்டு. ஓடுகிறது, டம்ளர் உருவத்துக்கு நிற்கிறது. "திரவம் மிஸ்" என்பான். அதையே தட்டில் கவிழ்த்தால் குவியலாக நிற்கும். தண்ணீர் நிற்குமா?

கம்பெனியில் தகர டப்பாவில் தண்ணீர் பிடிக்கும்போது விளிம்பு வரை விடமாட்டோம். உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் சுருங்கும், தண்ணீர் தலைகீழ். ஐஸ் மிதப்பதும் அதனால்தான். உறைய வைக்க டப்பாவை இறக்கும் தொட்டியில், அதைச் சுற்றியிருக்கும் உப்புத்தண்ணீரோ மைனஸ் 10 டிகிரியிலும் உறையாது. அதைக் குளிர வைப்பது அமோனியா. சாதாரணமாக மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். கம்ப்ரசரில் நெருக்கி, குழாய் மேல் தண்ணீர் விட்டுச் சூட்டை எடுத்தால் திரவமாகும். நெருக்கத்தை விட்டதும் மறுபடி கொதிக்கும். அதற்கு வேண்டிய சூட்டை உப்புத்தண்ணீரிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். 'வாயுவை அழுத்திச் சுருக்கலாம்' என்று நீ ஒரே வரியில் தாண்டிப் போவாயே, அந்த வரியில்தான் எங்கள் கம்பெனியே ஓடியது.

ஒருநாள் வால்வில் அமோனியா லேசாகக் கசிந்தது. தண்ணீர் ஒழுகினால் பள்ளத்தில் தேங்கும், ஐஸ் விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும். இது மெஷின் ரூம் மூலையில் கசிந்து, நாங்கள் ஓடி வருவதற்குள் கேட்டில் நின்றவன் கண்ணையும் எரித்துவிட்டது.

சின்ன வயதில் நீ கேட்பாய், டப்பாவில் உறைந்த ஐஸ் பாரின் நடுவில் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று. பால் ஊத்துறோம் என்று ஏமாற்றினேன், மன்னித்துக்கொள். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றுக்கு ஐஸில் இடமில்லை. ஓரத்திலிருந்து உறைய உறைய, காற்று உள்ளே தள்ளப்பட்டு, கடைசியில் உறைகிற நடுவில் குமிழியாக மாட்டிக்கொள்ளும். திண்மத்துக்குள் வாயு! உன் பிள்ளைகளுக்கு இதைக் காட்டு.

இன்னொன்று. ஐஸ் உருகினால் நஷ்டம் என்று நினைக்கிறார்கள். உருகுவதால்தான் மீன் குளிர்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கிற சூடு, ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றப் போதும். பாரை அப்படியே வைத்தால் மீனை அங்கங்கேதான் தொடும். உடைத்துப் போட்டால் நாலு பக்கமும் தொடும், உருகிய தண்ணீர் இடுக்கெல்லாம் புகும். திண்மத்துக்கு எட்டாத இடத்தில் திரவம் வேலை பார்க்கும்.

அம்மா வஞ்சிரம் அனுப்பச் சொல்கிறாள். பஸ்ஸில் போட்டால் உன் ஊர் வருவதற்குள் பெட்டியில் தண்ணீர்தான் மிஞ்சும். கருவாடு கட்டியிருக்கிறேன். அதற்கு ஐஸ் வேண்டாம்.

அப்பா

காசிமேடு