வளைவு இருக்கட்டும், கயிறு கொண்டு வாருங்கள்

திண்டுக்கல்லில் எங்கள் பள்ளியின் பழைய சாரணர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நமக்குச் சாரணப் பயிற்சி கொடுத்த மறைந்த சார் நினைவாகப் பள்ளி வாசலில் ஒரு வளைவு கட்டப் போகிறோம், ஆளுக்கு ஐயாயிரம் என்று தகவல் வந்தது. கொடுக்க மனமில்லாமல் இதை எழுதவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே கண்டதை உங்களிடம் சொல்லாமல் பணத்தை மட்டும் அனுப்பக் கை வரவில்லை.

வேப்பமரத்தடியில் 18 பையன்கள். புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு, பல வருடமாகக் கிடப்பில் கிடந்த நம் ட்ரூப்பை, அதாவது பள்ளிச் சாரணர் படையை, மறுபடி தொடங்கியிருக்கிறார். அன்றைக்கு முடிச்சுப் பாடம். கயிறு கிடையாது. பையன்கள் ஷூ லேஸைக் கழற்றி, ஸ்கேலில் சுற்றி, குளோவ் ஹிட்ச் போட்டுக்கொண்டிருந்தார்கள். லேஸ் நிற்குமா? வழுக்கி வழுக்கி வந்தது. நம் பழைய அறையில் கால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நமக்கு வாய்த்த சாரணப் பருவம் அப்படியா இருந்தது? தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களை நினைத்துப் பாருங்கள். நத்தம் பக்கமிருந்து செட்டிநாட்டுக் காவடிகள் ஊருக்குள் நுழையும்போது நாம் சாலை ஓரத்தில் பானையோடு நிற்போம். மோர் ஊற்றுவது சின்னப் பையன்கள் வேலை. பேட்ரோல் லீடர்களுக்குத்தான், அதாவது அணித் தலைவர்களுக்குத்தான், கால் கழுவும் வேலை. பழனிக்கு நடப்பவர்களின் பாதத்தைக் கழுவித் துடைத்து மருந்து போட வேண்டும். “கொப்புளத்தை உடைக்காதே, அது அவங்க தோல்” என்று சார் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு பாட்டி என் தலையில் விபூதி பூசிவிட்டு, “எந்த ஊரு போலீஸ் தம்பி நீ?” என்று கேட்டது இன்னும் வீட்டில் சிரிப்புக்கு ஓடுகிறது.

சிறுமலை அடிவார முகாம் வேறு கதை. மேலே போகும் பஸ் 18 கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறும் சத்தம் கூடாரத்துக்குள் கேட்கும். பாத்திரம் இல்லாச் சமையல் என்று ஒரு சோதனை. உருளைக்கிழங்குக்கு மண் பூசி நெருப்பில் போட்டோம். வெளியே கரி, உள்ளே பச்சை. மயில் அணிக்காரர்கள் வெங்காயத்தைக் குடைந்து அதற்குள் முட்டையை உடைத்து ஊற்றிச் சுட்டார்கள். அந்த மணத்துக்குப் பக்கத்து அணிகள் எல்லாம் கட்சி மாறிப் போயின. அன்றாடம் காலையில் இந்தியில் பிரார்த்தனை பாடுவோம். அர்த்தம் ஒருத்தனுக்கும் தெரியாது, ஆனால் இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் வரி பிசகாமல் வரும்.

சீருடை வாங்க முடியாமல் ஒரு பையன் ட்ரூப்பை விட்டு நின்றானே, நினைவிருக்கிறதா? அன்றைக்குத்தான் சார் சென்னைக் கதையைச் சொன்னார். இங்கே சாரணர் இயக்கம் 1909-இல் வந்தபோது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். இந்தியப் பையன்களுக்கு இடமில்லை என்றதும் 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் தன் சகா ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் தனியாக ஒரு சாரணர் சங்கமே தொடங்கிவிட்டார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. “துணி இல்லேன்னு ஒருத்தனை வெளியே நிறுத்தினா நாமளும் அதே ஆளுங்கதான்” என்றார். அடுத்த வாரம் அந்தப் பையன் வரிசையில் நின்றான், ஸ்கார்ப் மட்டும் கட்டிக்கொண்டு. சட்டை பிறகு வந்தது. யார் தைத்துக் கொடுத்தது என்று சார் கடைசி வரை சொல்லவில்லை.

அந்த மனிதருக்குச் சிமெண்டில் வளைவா? எனக்கு உடன்பாடில்லை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

பின்னால் வருபவர்களுக்குத் தரையில் போட்டு வைக்கும் வழிக்குறிகள் சொல்லிக்கொடுத்தபோது, வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்தால் ‘நான் வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்று அர்த்தம், கென்யாவின் நியேரியில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் கல்லறையில் அதுதான் இருக்கிறது என்று சார் சொன்னார். போன மாதம் வேப்பமரத்தடியில் கண்ட பையன்களில் ஒருவன் மண்ணில் அதே குறியைப் போட்டு, நடுப்புள்ளியை மறந்துவிட்டான். புள்ளி வைக்கச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அந்த ஆசிரியர் வேறொரு பையனின் லேஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒற்றை ஆள், 18 முடிச்சு. வாரம் இரண்டு பேர் உடன் நின்றால் அவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். சான்றிதழ் எப்போது வரும் என்று மட்டும் கேட்கும் பெற்றோர்களுக்கும் அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2025-இல் மணப்பாறையில் வைரவிழா ஜாம்புரி என்ற சாரணர் பெருமுகாம் நடந்தபோது நம்மில் எத்தனை பேர் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டோம்! மணப்பாறை வரை போக முடிந்த நமக்குப் பள்ளி மைதானம் தூரமா?

நான் கேட்பது இது. வளைவுப் பணத்தில் முதலில் கயிறு, நான்கு கூடாரம், ஒரு முதலுதவிப் பெட்டி. அறையிலிருந்து பெஞ்சுகளை எடுக்கத் தலைமை ஆசிரியரைப் பார்க்க ஐந்து பேர். சனிக்கிழமை நாலு மணிக்கு முறை வைத்து இரண்டு பேர். முதல் இரண்டு வாரம் நான் வருகிறேன், இரண்டாவது ஆள் யார் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புலி அணியின் பழைய பேட்ரோல் லீடர்

பி.கு.: 1990 முகாமுக்குப் பிறகு காணாமல் போன பெரிய அண்டா உங்களில் யார் வீட்டிலாவது அரிசி கொட்டி வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தால், கேள்வி எதுவும் கேட்க மாட்டோம். வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போங்கள்.